தம்பி அனுப்பும் டெலிகிராம் பதிவுகள்

காசா படங்களைப் பார்த்துக் கலங்கிய தம்பி இப்போது "உலகத்தையே யூதர்கள்தான் ஆட்டிவைக்கிறார்கள்" என்று ஃபார்வேர்டு அனுப்புகிறான், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். காசா பற்றிய கோபத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அது வேறு. அவன் ஃபார்வேர்டு செய்யும் டெலிகிராம் சேனலின் பழைய பதிவுகளுக்குப் போய்ப் பாருங்கள். 88 என்ற எண் (ஹிட்லருக்கு வாழ்த்துச் சொல்லும் சங்கேதம்), முஸ்லிம்களையே திட்டும் பதிவுகள் என்று ஏதாவது கிடைத்தால் அவனிடமே காட்டுங்கள், அது யூத வெறுப்புச் சேனல், பாலஸ்தீனக் கொடி நேற்று ஒட்டியது என்று அவனுக்கே புரியும். அப்புறம் மகச்சகலா கதையைச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் 29 அன்று, டெல் அவிவிலிருந்து விமானம் வருகிறது என்று ஒரு டெலிகிராம் சேனல் உசுப்பிவிட, ரஷ்யாவின் தாகெஸ்தானில் உள்ள மகச்சகலா விமான நிலையத்துக்குள் கூட்டம் ஓடுபாதை வரை புகுந்து யூதர்களைத் தேடியது, வெளியே கார்களை நிறுத்திப் பாஸ்போர்ட் பார்த்தது. குடும்பக் குரூப்பில் வேண்டாம், தனியாகப் பேசுங்கள்.