ஒட்டும், வழுக்கும், மோதும்: உராய்வு இயக்கவியல் கேள்வி பதில்

உராய்வும் மோதலும் உள்ள இயந்திரங்களின் நேரியலற்ற இயக்கம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், உராய்வு விசை என்றால் மியூ (உராய்வுக் குணகம்) பெருக்கல் செங்குத்து விசை. பள்ளியிலேயே படித்தாயிற்று. இதில் இன்னும் ஆராய என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் சொல்லும் சூத்திரம் வழுக்கிக்கொண்டிருக்கும் பொருளுக்குத்தான். நின்றுகொண்டிருக்கும் பொருளுக்கு அது வெறும் உச்ச வரம்பு. அந்த வரம்புக்குள் வெளியிலிருந்து எவ்வளவு தள்ளுகிறீர்களோ, உராய்வு அவ்வளவே எதிர்த்து நிற்கும். ஆக, ஒரே பொருளுக்கு இரண்டு விதிகள். எந்தக் கணத்தில் எது பொருந்தும் என்பதை அந்தப் பொருளின் இயக்கமே முடிவு செய்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1785-ல் எழுதிய இந்த உராய்வு விதி இன்றும் ஆராய்ச்சிக்கு உரியதாக இருப்பதற்கு அந்த மாறும் கணம்தான் காரணம். கீழே வரும் கேள்விகளில் பாதி அங்கேதான் போய் நிற்கின்றன.

கேள்வி: பிரேக் அடிக்கும்போது கீச்சென்று கத்துகிறது. வேகம் கூடும்போது உராய்வு குறைவதால்தானே?

பதில்: அது ஒரு வழி. வேகம் கூட உராய்வு இறங்கினால், அந்தச் சரிவு எதிர்மறை டாம்பிங் (டாம்பிங் என்பது அதிர்வைத் தணிப்பது) போல வேலை செய்து அதிர்வை ஊட்டி வளர்க்கும். ஆனால் மியூ மாறாமலே இருந்தாலும் பிரேக் கத்தும். அருகருகே அதிர்வெண் கொண்ட இரண்டு மோடுகளை, அதாவது பிரேக் இயல்பாக அதிரும் இரண்டு விதங்களை, உராய்வு ஒன்றோடொன்று பிணைக்கிறது. மியூ கூடக்கூட இரண்டு அதிர்வெண்களும் நெருங்கி வந்து ஒன்றாகிவிடும். அதைத் தாண்டினால் அதிர்வு தானாக வளரத் தொடங்கும். 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்கும் கீச்சொலிக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சத்தத்தை அடக்க டாம்பிங் சேர்ப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டு மோடுகளில் ஒன்றுக்கு மட்டும் சேர்த்தால், முன்பு அமைதியாக இருந்த பிரேக்கும் கத்தத் தொடங்கலாம். உராய்வு வந்து சேர்ந்ததும் விறைப்பு அணியின் (நகர்வையும் அதை எதிர்க்கும் விசையையும் இணைக்கும் எண்களின் அட்டவணை) சமச்சீர் கெட்டுவிடுகிறது. பிறகு டாம்பிங் எப்போதும் நன்மைதான் என்ற நம்பிக்கை செல்லாது.

கேள்வி: சிமுலேஷனில் உராய்வின் திடீர்த் தாவலுக்குப் பதில் டான்-ஹைப்பர்பாலிக் என்ற வழவழப்பான வளைவைப் போட்டுவிடுகிறேன். சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) சிக்காமல் ஓடுகிறது. தவறா?

பதில்: ஓடுகிறது என்பதே ஆபத்து. ஒரு சாய்தளத்தில் கட்டையை வையுங்கள். மியூ 0.5, சாய்வின் டேஞ்சண்ட் 0.3. கட்டை அசையவே கூடாது. உங்கள் வளைவில் வேக அளவுகோலை (உராய்வு எவ்வளவு வேகத்துக்குள் உச்சத்தை நெருங்கும் என்பதை) விநாடிக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்தால், கட்டை விநாடிக்கு 0.69 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டரை மீட்டர் கீழே போயிருக்கும்! அளவுகோலைச் சுருக்கினால் ஊர்வது குறையும், ஆனால் டைம் ஸ்டெப்பும் பொடிப்பொடியாகும். எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும் அமைப்புக்கு உங்கள் வழி போதும். நின்று நின்று நகரும் அமைப்புக்கு ஒட்டும் நிலையைத் தனியாகவே எழுதுங்கள்.

கேள்வி: பந்து துள்ளுவதைக் கணக்கிடும்போது புரோகிராம் முடிவே இல்லாமல் ஓடுகிறது. பிழை எங்கே?

பதில்: உங்கள் புரோகிராமில் பிழை இல்லை. 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள், மீட்சியளிப்புக் குணகம் (மோதிய வேகத்தில் எத்தனை பங்கு திரும்பக் கிடைக்கிறது என்பது) 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி எண்ணற்ற துள்ளல்கள் சுமார் 4.06 விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு மோதலையும் தேடிப் பிடிக்கும் சால்வர் அந்த நேரத்தைத் தாண்டவே தாண்டாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் மோரோ வகுத்த டைம்-ஸ்டெப்பிங் முறைக்கு மாறுங்கள். அதில் மோதல்களைத் தனித்தனியாகப் பிடிப்பதில்லை. ஒரு ஸ்டெப்புக்குள் நடந்த எல்லாவற்றின் மொத்தக் கணத்தாக்கைத்தான் (விசை பெருக்கல் நேரம்) கணக்கிடுகிறோம்.

கேள்வி: அந்த 0.8 பொருளின் பண்புதானே, அட்டவணையிலிருந்து எடுக்கலாமா?

பதில்: கூடாது. மோதும் வேகம், வடிவம் எல்லாம் அதை மாற்றும். உலோகத்தில் வேகம் கூடினால் பொதுவாகக் குறையும். உங்கள் வேக வரம்பில் நீங்களே அளந்துவிடுங்கள்.

கேள்வி: என் சோதனையில் அதிரும் தண்டு ஒரு தடுப்பைத் தொடத் தொடங்கியதுமே ஒழுங்கான அதிர்வு போய் ஒரேயடியாகக் கேயாஸ் (கணிக்க முடியாத ஒழுங்கற்ற இயக்கம்) வந்துவிடுகிறது. இடையில் காலமடங்கு இரட்டித்தல் (அதிர்வின் சுற்றுக்காலம் படிப்படியாக இரண்டு மடங்காவது) எதுவும் தென்படவில்லை. சென்சார் கோளாறா?

பதில்: சென்சாரைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் பார்ப்பது உரசல் கிளைப்பு, அதாவது தடுப்பை லேசாகத் தொடத் தொடங்கும் கணத்தில் இயக்கத்தின் தன்மையே மாறுவது. தண்டு தடுப்பை வேகமே இல்லாமல் தொட்டுத் திரும்பும் அந்த விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது. வீச்சு அதைக் கொஞ்சம் தாண்டினால், மோதும் வேகம் தாண்டிய அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறாமல், அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுகிறது. வர்க்கமூல வளைவின் சரிவு சுழியில் முடிவிலி. அதனால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூட அடுத்த சுற்றில் பெரிதாக இழுபடும். இதை ஆய்வாளர் நோர்ட்மார்க் 1991-ல் தெளிவாகக் காட்டினார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அந்த இடத்துக்கு அருகே அதிர்வெண்ணை மிகச் சிறு படிகளாக ஏற்றிப் பாருங்கள், பிறகு இறக்கியும் பாருங்கள். இரண்டு பாதையும் ஒத்துப்போகவில்லை என்றால், அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் கூடவே இருக்கின்றன.

கேள்வி: உராய்வு எப்போதும் தொல்லைதானா? வேண்டுமென்றே சேர்ப்பது உண்டா?

பதில்: உண்டு. டர்பைன் இதழ்களின் அடித்தட்டுக்குக் கீழே சிறு உலோகத் துண்டுகளை வைப்பார்கள். இதழ் அதிரும்போது அவை உரசி ஆற்றலை வெப்பமாக்கும். அழுத்தம் மிகக் குறைந்தால் உராய்வு விசை போதாது. மிகக் கூடினால் துண்டு ஒட்டிக்கொண்டு வழுக்கவே செய்யாது, அப்போதும் ஆற்றல் கரையாது. இடையில் ஓர் உகந்த அழுத்தம் இருக்கிறது. இதழை அதிரவைக்கும் விசை இரட்டித்தால் அந்த உகந்த அழுத்தமும் இரட்டிக்கும். ஆனால் துண்டை அழுத்துவது மையவிலக்கு விசை; அது சுழல்வேகத்தின் இருமடியைத்தான் பின்பற்றும், அதிரவைக்கும் விசையை அல்ல. அதனால் எந்த வேகத்தில் ஒத்ததிர்வு வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அந்த வேகத்துக்கு ஏற்றபடி துண்டின் எடையை முடிவு செய்கிறார்கள்.