குலுக்கலுக்கு ஞாபகம் கிடையாது

கேள்வி: ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டில், கடலோரக் குடியிருப்பான மிஸ்ட் பகுதியில் ஒரு பெரிய மனைக்காக ஏழு மாதமாகக் குலுக்கலில் கலந்துகொள்கிறேன். ஒருமுறைகூட விழவில்லை. ஆட வந்து ஒரு மாதமே ஆன நண்பனுக்கு முதல் சுற்றிலேயே வீடு கிடைத்துவிட்டது, அதுவும் ஏதோ ஒரு மூலையில் கோழிக்கூடு மாதிரி சின்ன வீடு. இது மோசடிதானே? பழையபடி முந்தி வருபவருக்கே என்று விட்டிருக்கலாமே?

பதில்: மோசடி என்று சந்தேகிக்க ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2022 ஏப்ரலில் குலுக்கல் அறிமுகமானபோது, நிறையப் பேர் கலந்துகொண்ட மனைகளுக்குக்கூட வென்ற எண் பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யம் போட்ட சீட்டு யார் கையிலும் இல்லை! நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு சரிசெய்தது. இப்போது உங்களுக்கு விழாததற்குச் சதி எதுவும் தேவையில்லை, கணக்கே போதும்.

பழைய முறை வேண்டும் என்கிறீர்களே, அப்போது ஆடியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். காலியான மனை எப்போது விற்பனைக்குத் திறக்கும் என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். மனையின் அறிவிப்புப் பலகை முன்னால் நின்றுகொண்டு மணிக்கணக்கில் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் தோற்பார், தூக்கத்தை விட்டவர் ஜெயிப்பார், இருவரையும் பாட் (தானாகத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்) வைத்திருப்பவர் முந்திவிடுவார். அதோடு ஒப்பிட்டால் குலுக்கல் எவ்வளவோ மேல்.

ஆனால் உங்கள் வயிற்றெரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். சீட்டுப் போட ஐந்து நாள், முடிவு பார்க்க நான்கு நாள், ஆக 9 நாளுக்கு ஒரு சுற்று. வருடத்துக்கு 40 சுற்று. ஒரு மனைக்கு 100 பேர் போட்டி என்று வைத்துக்கொள்வோம். நாற்பதிலும் விடாமல் கலந்துகொண்டாலும் ஒருமுறைகூட விழாமல் போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 67 சதவீதம். அதாவது மூன்று பேரில் இரண்டு பேர் வருடம் முடிந்தும் வீட்டு மனை இல்லாமல்தான். நாற்பது முறை தோற்றவரும் நேற்று வந்தவரும் ஒரே பானையில் ஒரே ஒரு சீட்டோடு நிற்கிறார்கள். ஒவ்வொரு சுற்றும் தனியாகப் பார்த்தால் நேர்மையானதுதான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் கசக்கிறது.

தோற்றவர் கணக்கை வைத்துக்கொள்ளத் தெரியாத தொழிலா இது? ஜென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டின் பாத்திரக் குலுக்கலில் 90 முறை இழுத்தால் ஐந்து நட்சத்திரப் பரிசு, அதாவது மிக அரியது, ஒன்று உறுதி. காசு போகும் குலுக்கலில் எத்தனை முறை ஏமாந்தார் என்று எண்ணிவைக்கிறார்கள். பொறுமை மட்டும் போகும் இடத்தில் எண்ணுவதில்லை. தோற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீட்டு கூடுதலாகக் கொடுத்தால் பாதிப் புலம்பல் அடங்கிவிடும். (பல கணக்கு வைத்திருப்பவர்கள் அதையும் ஒரு கை பார்ப்பார்கள், அது வேறு.)

சரி, வீடு ஏன் குறைவு? 2023 ஜனவரி நிலவரப்படி ஒரு சர்வரில் 5 பகுதி, பகுதிக்கு 30 வட்டம், வட்டத்துக்கு 60 மனை. மொத்தம் 9,000. தெருவில் நடந்தால் நிஜமான அக்கம்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவு அது. அதற்காக எண்ணிக்கையைச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு ஆன்லைன் விளையாட்டு 2025 இறுதியில் வீடுகளைக் கொண்டுவந்தபோது குலுக்கலே வைக்கவில்லை. சுமார் 50 மனை கொண்ட குடியிருப்பு ஒன்று, அது நிரம்பினால் இன்னொன்று, அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் நண்பர் விஷயம். அவருக்கு அதிர்ஷ்டம் இருந்திருக்கலாம், ஆனால் அவர் போனது யாரும் சீண்டாத மூலைக்கு. நீங்கள் ஏழு மாதமாக எல்லோரும் விரும்பும் கடலோரப் பெரிய மனையின் முன்னாலேயே நிற்கிறீர்கள். எத்தனை பேர் கலந்துகொண்டிருக்கிறார்கள் என்று பலகையிலேயே போட்டிருக்கும். சீட்டுப் போடக் கடைசி நாளான ஐந்தாம் நாள் தெருவில் ஒரு நடை போய்வந்து, கூட்டம் குறைவான மனையாகப் பார்த்துச் சீட்டுப் போடுங்கள். கோழிக்கூடு வேண்டாம் என்றால் காத்திருங்கள், ஆனால் நண்பர்மேல் கோபப்படாதீர்கள்.