தாலியும் ஊக்கும் எம்ஆர்ஐயும்: கேள்வி பதில்

எம்ஆர்ஐ என்பது பெரிய காந்தத்தாலும் ரேடியோ அலையாலும் உடம்புக்குள் படம் எடுக்கும் மிஷின். 22 வருடம் அதை இயக்கும் கன்சோல் முன்னால் உட்கார்ந்தவன் நான். டாக்டர் இல்லை, டெக்னீஷியன். ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்னால் நடக்கும் சோதனை, கேட்கும் கேள்விகள், கழற்றச் சொல்லும் சாமான்கள் பற்றி மட்டும் கேளுங்கள். ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லச் சொல்லாதீர்கள்.

ஈரோட்டு மகன்: அம்மாவுக்கு 64 வயது. கழுத்து வலிக்கு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் சென்டரில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் வராந்தாவில் நின்றுகொண்டு ஒரு பையன் "தாலியக் கழட்டுங்கம்மா, மெட்டியக் கழட்டுங்க" என்றான். 41 வருடத்தில் அம்மா அதைக் கழற்றியதே இல்லை. அழுதுவிட்டார். அதோடு விடாமல் கர்ப்பப்பை எடுத்தாச்சா, மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணியாச்சா என்று சத்தமாகக் கேள்வி. அதே கேள்விகளை உள்ளே போவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். நியாயம்தானே?

பதில்: எழுதுங்கள். ஆனால் எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். கழற்றச் சொன்னது சரி. வராந்தாவில் வைத்துச் சொன்னது தப்பு. மூன்று முறை கேட்டார்களே, அதற்கு அந்த சென்டருக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன்.

ஏன் மூன்று முறை என்று சொல்கிறேன். ஒரு பெரியவர் வந்தார், முதுகு ஸ்கேனுக்கு. ரிசப்ஷனில் "உடம்புக்குள்ள இரும்பு, பிளேட்டு ஏதாவது இருக்கா?" "இல்லைங்க." உடை மாற்றும் இடத்தில் "நெஞ்சில ஆபரேஷன் ஏதாவது?" "அதெல்லாம் இல்ல தம்பி." அறைக் கதவுக்கு முன்னால் நான் அவர் தோளைத் தொட்டு, "கையைத் தலைக்கு மேல தூக்க முடியுமா ஐயா?" என்றேன். "தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, பேட்டரி வெச்சதிலேர்ந்து." பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சீராக்க உள்ளே வைக்கும் கருவி. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது இரும்பும் இல்லை, ஆபரேஷனும் இல்லை, பேட்டரி. அவ்வளவுதான். ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்டால்தான் ஒரு விதத்திலாவது மாட்டும்.

கர்ப்பப்பை, மூலம் என்று கேட்டதும் வம்புக்கு இல்லை. எந்த ஆபரேஷன் ஆனாலும் உள்ளே கிளிப்போ ஸ்டேப்ளர் பின்னோ விட்டிருக்கலாம். பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை, ஆனால் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதைக் கேட்க ஒரு திரை, ஒரு பெண் ஊழியர், தணிந்த குரல் போதும். இந்த மூன்றுக்கும் மிஷினைவிட ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது.

புகாரில் முதலில் எழுத வேண்டியது இது: நேரம் கொடுக்கப் போன் செய்தார்களே, அப்போதே "நகையெல்லாம் வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க, தாலியையும்" என்று ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் உங்கள் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, தன் கையால் கழற்றியிருப்பார்.

கோவை மருமகன்: மாமனாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து 3 வாரம். எம்ஆர்ஐ எடுக்க 6 மாதம் போகணும் என்கிறார்கள்.

பதில்: பழைய கதை. ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன உலோக வலை. இன்றைய ஸ்டென்ட்டுகளோடு 3 டெஸ்லா வரையுள்ள மிஷினில் (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) எடுக்கக் காத்திருக்கத் தேவையில்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஸ்டென்ட்டோடு கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையைப் பார்த்து சென்டர்தான் முடிவு சொல்லும். அட்டையைத் தொலைத்துவிட்டுப் போய்ச் சண்டை போடாதீர்கள்.

இயற்பியல் வாத்தியார்: மன்னிக்கணும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. வெள்ளியையும் இழுக்காது. இரண்டும் டயாமேக்னடிக், சொல்லப்போனால் மெல்ல விலக்கப்படும். எட்டாம் வகுப்புப் பாடம். தாலியைக் கழற்றச் சொல்வது பாதுகாப்பு இல்லை, அறியாமை.

பதில்: பாடம் சரி சார். ஆனால் வீட்டுக்குப் போய் உங்கள் மனைவியின் தாலிச் செயினைப் பாருங்கள். அதில் ஒரு ஊக்காவது தொங்கும். புடவைக்கு, பேத்தியின் பாவாடைக்கு, முள் எடுக்க, அவசரத்துக்கு என்று நம் பெண்கள் செயினில் கோத்து வைக்கும் சேஃப்டி பின். அது பெரும்பாலும் இரும்புதான். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. கதவு தாண்டி நாலடி வைத்ததும் ஊக்கு படுக்கைவாட்டில் எழுந்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செயினில் பூட்டியிருந்ததால் பிழைத்தோம், தனியாக இருந்தால் பறக்கும். பறக்கும் வழியில் கண் இருந்தால் என்ன ஆகும்?

கவரிங் நகை வேறு. உள்ளே பித்தளையா, செம்பா, இரும்பா என்று பார்த்த மாத்திரத்தில் யாரால் சொல்ல முடியும்? தாயத்துக்குள் என்ன தகடு என்று கட்டிக்கொண்டவருக்கே தெரியாது. சனிக்கு என்று போடும் குதிரை லாட மோதிரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இயற்பியல் வாத்தியார்: அப்படியானால் ஊக்கை மட்டும் எடுத்தால் போதுமே! ஒரு கைக்காந்தத்தை வைத்துச் சோதித்துவிட்டு உள்ளே விடலாமே. ஏன் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கிறீர்கள்?

பதில்: நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கொள்கிறேன். முழங்கால் ஸ்கேனுக்கு வந்த பாட்டிக்கு 50 வருடமாகக் கழலாத மூக்குத்தி. மேலே பிளாஸ்திரி ஒட்டி நானே அனுப்பியிருக்கிறேன். விரலை விட்டு வராத மோதிரமும் அப்படித்தான். ஆனால் ஈரோட்டு மகனின் அம்மாவுக்குக் கழுத்து ஸ்கேன். இங்கே இழுப்பு மட்டும் பிரச்சினை இல்லை. படம் எடுக்க இந்த மிஷின் ரேடியோ அலை அனுப்புகிறது, 1.5 டெஸ்லாவில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். மின்சாரம் கடத்தும் எந்த வளையத்திலும் அது மின்னோட்டத்தைக் கிளப்பும். கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் செயின் என்பது என்ன சார்? வளையம். அதுவும் சரியாகக் காயிலுக்குள், அதாவது படத்துக்கான அலையை வாங்கக் கழுத்தைச் சுற்றி வைக்கும் கருவிக்குள். தோல் சுடும். சுடாவிட்டாலும் படத்தில் அந்த இடம் கறுப்பாக விழுங்கப்பட்டுப் போகும். எதைப் பார்க்க வந்தாரோ அதே எலும்பு தெரியாது.

இதே காரணத்துக்குத்தான் உள்ளே கையைக் கோத்துக்கொள்ளாதீர்கள் என்கிறோம், தொடையும் தொடையும் ஒட்டாமல் நடுவில் துணி வைக்கிறோம். வெறும் உடம்பே வளையமாகிச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

சம்பிரதாயம் தெரிந்தவர்: இவ்வளவு விஞ்ஞானம் பேசுகிறீர்கள். கணவன் உயிரோடு இருக்கும்போது தாலியை இறக்கச் சொல்லும் வாய் எப்படி வந்தது? வெள்ளைக்காரன் மிஷினுக்காக நம் பெண்கள் கழுத்து வெறுமையாக இருக்கணுமா?

வார்டு நர்ஸ்: நான் பதில் சொல்லலாமா? எங்கள் வார்டில் ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொரு அம்மாவுக்கும் இதே பேச்சுதான். மஞ்சள் கயிறு ஒரு கட்டு, மஞ்சள் கிழங்கு ஒரு டப்பா, மேஜை இழுப்பறையில் எப்போதும் இருக்கும். கயிற்றில் கிழங்கைக் கோத்துக் கட்டிவிட்டு, அப்புறம்தான் செயினைக் கழற்றுவோம். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்காது. முதலில் கட்டு, பிறகு கழற்று. இந்த வரிசையை மாற்றினால்தான் அழுகை. கருகமணி போட்டவர்களிடமும் வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசித்தான் கழற்றுவோம்.

பதில்: நர்ஸம்மா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மஞ்சள் கயிறு எம்ஆர்ஐக்குள் தாராளமாகப் போகலாம்.

சம்பிரதாயம் தெரிந்தவர்: கயிறு தற்காலிகம். பொன் பொன்தான்.

இயற்பியல் வாத்தியார்: ஐயா, உங்கள் பாட்டி காலத்தில் எத்தனை வீட்டில் பொன் செயின் இருந்தது? பெரும்பாலும் மஞ்சள் கயிறுதான் தாலி. செயின் பிறகு வந்தது.

பதில்: வாத்தியார் என் பக்கம் வந்துவிட்டார்! தாலிப் பேச்சை இத்தோடு நிறுத்துவோம், வேறு கேள்விகள் வரிசையில் நிற்கின்றன.

திருச்சிவாசி: அப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கு, எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: கோவை மருமகனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோபமான கணவர்: என் புகார் வேறு. மனைவிக்குத்தான் ஸ்கேன். எனக்கு இல்லை. கூட உள்ளே போய் நிற்க என் பெல்ட், சாவி, பர்ஸ், போன் எல்லாம் பிடுங்கிக்கொண்டு, எனக்கும் ஆபரேஷன் உண்டா என்று படிவம். நான் நோயாளியே இல்லையே! மிஷின் ஓடாத நேரத்தில்தான் உள்ளே போனேன்.

பதில்: உங்கள் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

மிஷின் ஓடாத நேரம் என்று ஒன்று கிடையாது. இதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சத்தம் நிற்கும், படம் எடுப்பது நிற்கும், காந்தம் நிற்காது. மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் ஊறிக் கிடக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் காந்தம் இருக்கும்.

2018 ஜனவரியில் மும்பை ஆஸ்பத்திரி ஒன்றில் 32 வயது மனிதர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போய் இறந்தார். மிஷின் அணைந்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். 2025 ஜூலையில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 61 வயதுக்காரர் ஒருவர் கழுத்தில் சுமார் 9 கிலோ உடற்பயிற்சிச் சங்கிலியோடு உள்ளே போனார். காந்தம் அவரையே இழுத்துக்கொண்டது, மறுநாள் இறந்தார். கவனியுங்கள்: இருவருமே நோயாளி இல்லை. மும்பைக்காரர் உறவினருக்குத் துணையாக வந்தவர். லாங் ஐலண்டுக்காரர் முழங்கால் ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிடப் போனவர். உங்களைப் போல ஒரு கணவர்.

2001-இல் நியூயார்க் மாநிலத்தில் 6 வயதுப் பையன் மிஷினுக்குள் படுத்திருந்தபோது யாரோ கொண்டுவந்த சிலிண்டர் பறந்து தலையில் அடித்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் கதிரியக்கவியல் (எக்ஸ்ரே, ஸ்கேன்) நிபுணர்களின் கழகம் விதிகளை இறுக்கியது, வெளிவாசலிலிருந்து ஸ்கேன் அறை வரை நான்கு பகுதியாகப் பிரிப்பது வழக்கமானது. படுத்திருப்பவரை நாங்கள் மூன்று முறை சோதிக்கிறோம். கூட வருபவரும், வார்டு பையனும், சிலிண்டர் தள்ளிக்கொண்டு வருபவரும்தான் ஓட்டை.

அவசரத்தில் காந்தத்தை அணைக்கச் சிவப்பு பட்டன் இருக்கிறதே என்பீர்கள். அழுத்தினால் ஹீலியம் கொதித்து வெளியேறி, காந்தம் இறங்க ஒரு நிமிஷம் போல ஆகும். சிலிண்டர் பறக்க ஒரு விநாடி போதும்.

லேத் பட்டறை: முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பில் போட்டார்கள். கொள்ளைதானே?

பதில்: இல்லை. "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுப் பட்டறை என்றதும் எக்ஸ்ரே எழுதினார்கள் என்றால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க வேண்டும். கிரைண்டிங், வெல்டிங், லேத்தில் கண்ணில் தெறித்த பொடி வருஷக்கணக்காக வலியில்லாமல் உள்ளே கிடக்கும். காந்தத்துக்குள் போனால் அது அசையும். உலோகத் தகடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படி எம்ஆர்ஐயில் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போனது 1986-லேயே மருத்துவ இதழில் வந்திருக்கிறது. பட்டறையில் ஒரு தடவையாவது கண்ணில் பொடி விழுந்து டாக்டரிடம் போனதுண்டா? உண்டு என்றால் அந்த எக்ஸ்ரே உங்களுக்காகத்தான்.

பெயர் வேண்டாம்: காப்பர்-டி இருக்கு.

பதில்: செம்பு. பயமில்லை. படிவத்தில் எழுதுங்கள்.

மயிலாடுதுறை: வட்டமான மிஷின், 5 நிமிஷத்தில் முடிந்தது, தாலியைக் கழற்றச் சொல்லவில்லை. அலட்சியம்தானே?

பதில்: அது சிடி, எக்ஸ்ரேயால் படம் எடுப்பது. காந்தம் கிடையாது. நம் ஊரில் எல்லாமே "ஸ்கேன்" என்பதால் வரும் குழப்பம்.

கும்பகோணம்: முதுகு ஸ்கேன் ரிப்போர்ட்டில் L4-L5 பல்ஜ் என்று போட்டிருக்கு, ஆபரேஷன் தேவையா?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

அக்கா மகன்: படிவம் முழுக்க இங்கிலீஷ். மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

பதில்: இது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தாலியைக் கழற்றச் சொன்னதற்குப் புகார் வருகிறது, இதற்கு ஒருவரும் கொடுப்பதில்லை. 20 வருடத்துக்கு முன் மாமா மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா? அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். பழைய கிளிப்புகளில் சில காந்தத்தில் திரும்பும், திரும்பினால் உயிர் போகும். நினைவோடு இருக்கும் நோயாளியை அவர் மொழியில், அவர் வாயாலேயே பதில் சொல்ல வைக்க வேண்டும். கேள்வி கேட்காமல் கையெழுத்து மட்டும் வாங்கும் இடத்தில் உள்ளே போகாதீர்கள். எழுந்து வாருங்கள்.

சேலம்: அண்ணனுக்கு ஸ்டென்ட்...

பதில்: கோவை மருமகன்!

ஈரோட்டு மகன்: மறுபடி நான்தான். நீங்கள் சொன்ன பிறகு அம்மாவின் செயினை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஊக்கு. ஒன்று துருப்பிடித்தது. "அந்தத் தம்பி இதையேதான் விரலால காட்டுச்சு, நான்தான் அழுதுட்டேன்" என்கிறார் அம்மா. புகாரைக் கிழித்துவிடவா?

பதில்: கிழிக்காதீர்கள். வராந்தாவையும், போனில் சொல்லாததையும் எழுதுங்கள். பையனின் பெயரை எடுத்துவிடுங்கள். இனி எப்போதாவது அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனால் நர்ஸம்மா சொன்ன வரிசை ஞாபகம் இருக்கட்டும். உங்கள் பெல்ட்டை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.