சீட்டு பாதி, ஃபோனை எடுப்பவர் பாதி

வணக்கம் சார்.

எனக்கு 61 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறேன். மகள் பெங்களூரில், மகன் பிரான்ஸில். மாசி மாதம் காசிக்கு ரயிலில் டிக்கெட் போட்டிருக்கிறேன். கூட வருவதாக இருந்த அக்காவுக்கு முட்டி வலி, வரவில்லை. 12 வருடமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். பென்சிலின் ஊசி எனக்கு ஆகாது. வழியில் ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டுமே என்பதுதான் கவலை. ஒரு டைரியில் வீட்டு விலாசம், ஆதார் நம்பர், பாங்க் கணக்கு, எட்டுப் பேருடைய ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மகன், “உன் ஃபோனிலேயே எல்லாம் ஏற்றிவிட்டேன், காகிதம் எதற்கு” என்கிறான். அக்காவோ, இப்படி எழுதி வைத்துக்கொண்டு கிளம்புவதே அபசகுனம் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள அம்மா,

அந்த டைரியைப் பீரோவிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அதில் இருப்பவை உங்கள் மகளிடம் இருக்க வேண்டிய விவரங்கள். முன்பின் தெரியாத ஒருவர் கையில் கிடைக்க வேண்டியது வேறு. ரயில்வே பிளாட்பாரத்தில் நீங்கள் மயங்கி விழுந்தால், உங்களைத் தூக்கி உட்கார வைப்பவருக்கு எட்டு நம்பரில் எதைக் கூப்பிடுவது என்று யோசிக்க நேரம் இருக்காது. அவருடைய ரயிலும் வந்துகொண்டிருக்கும். அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு நம்பர், உங்களுக்கு என்ன நோய், எந்த மருந்து ஆகாது. இவ்வளவுதான். வீட்டு விலாசமும் ஆதாரும் பாங்க் கணக்கும் அவருக்கு ஒன்றுக்கும் உதவாது. பை தொலைந்தால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று திருடனுக்குச் சொல்லவே அவை உதவும்.

உங்கள் மகன் செய்தது நல்ல காரியம். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தீர்களா? ஃபோனைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுங்கள். பூட்டைத் திறக்காமல், “அவசர அழைப்பு” என்ற எழுத்தைத் தொட்டு உங்கள் மகள் நம்பரையும் மருத்துவ விவரத்தையும் அவரால் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடியாவிட்டால், பெரும்பாலும் “பூட்டியிருக்கும்போதும் காட்டு” என்ற தேர்வைப் போடாமல் விட்டிருப்பார்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதியிலும், ஐஃபோனில் ஹெல்த் ஆப்பில் மெடிக்கல் ஐடி என்ற இடத்திலும் அது இருக்கும். விவரம் முழுக்க ஏற்றியும் இந்த ஒன்றை விட்டுவிட்டால் எல்லாம் பூட்டுக்குள்ளேயே கிடக்கும். இன்னொன்று: பவர் பட்டனை அடுத்தடுத்து அழுத்தினால் அவசர உதவி எண்ணான 112க்கு அழைப்பு போகும் வசதி பல ஃபோன்களில் இருக்கிறது. அதை விளையாட்டாக அழுத்திப் பார்க்காதீர்கள், நிஜமாகவே போய்விடும்.

முன்பு இது எளிதாக இருந்தது. 2005இல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் பெயருக்கு முன்னால் “ஐசிஇ” (‘அவசரத்துக்கு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சேர்த்து ஃபோனில் பதியச் சொன்னார். அன்றைய பட்டன் ஃபோனை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பிறகு விரல்ரேகைப் பூட்டு வந்தது, அந்த வழி அடைபட்டுப் போயிற்று. உங்களிடம் பழைய பட்டன் ஃபோன் இருந்தால் பூட்டுப் போடாமல் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் நாலைந்து நாள் நிற்கும். 2017 முதல் விற்பனைக்கு வந்தது என்றால் பெரும்பாலும் 5 அல்லது 9 பட்டனை அழுத்திப் பிடித்தாலே அவசர அழைப்பு போகும்.

காகிதம் எதற்கு என்று மகன் கேட்டால், கடலூரில் இருக்கும் உங்களுக்குப் பதில் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபோன் இருந்தும், சார்ஜ் இல்லாமல் கையில் வெறும் கட்டையாக இருந்தது. ரயிலிலும் அப்படித்தான். சார்ஜ் போடும் இடம் வேலை செய்யாது, அல்லது வேறொருவர் ஃபோன் அதில் தொங்கும். விழுந்தால் கண்ணாடி உடையும். திருட்டுப் போவதும் முதலில் ஃபோன்தான். ஆகவே ஃபோனும் வேண்டும், காகிதச் சீட்டும் வேண்டும்.

சீட்டை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கெட்டுப்போவதெல்லாம் செய்கிற விதத்தில்தான்.

வெள்ளைத் தாளில் 78 மில்லிமீட்டர் அகலம், 46 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கட்டம் போட்டு அதற்குள் எழுதுங்கள். எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் ஜெராக்ஸ் எடுங்கள். பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கரையும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்ததும் பெரும்பாலும் கரையும். பால்பாயிண்ட் தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் கைக்குத் தடவும் சானிடைசர் பட்டால் இழுபடும். ஜெராக்ஸ் பொடி இரண்டுக்கும் அசையாது. ஒரே தாளில் நாலு சீட்டு வரும்படி எடுத்து, வெட்டி, லேமினேஷன் போடச் சொல்லுங்கள். பில் போடும் வழவழப்புத் தாளில் மட்டும் எழுதிவிடாதீர்கள். அது சூட்டுக்குக் கறுக்கிற தாள். லேமினேஷன் மிஷினுக்குள் போனால் கரியாகத்தான் வெளியே வரும்.

கடைக்காரர் பழக்கதோஷத்தில் தாளின் ஓரத்தோடு ஒட்ட வெட்டிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டு பிளாஸ்டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டிய விளிம்பு போய்விடும். அந்த வழியாக வியர்வையும் கடல்காற்று ஈரமும் உள்ளே ஏறி, சில வாரத்தில் தாள் உப்பிக்கொள்ளும். நாலு பக்கமும் 4 மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் விடச் சொல்லுங்கள். மொத்தம் 86க்கு 54 ஆகும். ஏடிஎம் கார்டு அளவு, பர்ஸில் சரியாக உட்காரும். முனைகளை லேசாக வட்டமாக வெட்டினால் குத்தாது.

எழுத வேண்டியது இது:

அவசரம் — என் மகளைக் கூப்பிடுங்கள்
மகள் (பெங்களூர், தமிழ், ஆங்கிலம், இந்தி பேசுவார்): பத்து இலக்க நம்பர்
தம்பி (கடலூர், தமிழ், ஆங்கிலம்): பத்து இலக்க நம்பர்
எடுக்காவிட்டால் உடனே மறுபடி கூப்பிடவும்
சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன்
பென்சிலின் ஒவ்வாது
பெயர், பிறந்த வருடம், எழுதிய தேதி

தம்பி என்று நான் எழுதியது ஒரு பேச்சுக்கு. உங்கள் ஊரிலேயே இருக்கும் நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரான்ஸில் இருக்கும் மகன் நம்பரைச் சீட்டில் போடாதீர்கள். புதுச்சேரிப் பக்கம் இந்தத் தவறு நிறைய நடக்கிறது. வீட்டுக்கு மூத்தவன், பொறுப்பானவன் என்று பிரான்ஸின் 33இல் தொடங்கும் நம்பரை முதலில் எழுதிவிடுவார்கள். காசியில் உங்களைத் தூக்குபவருடைய ஃபோனிலிருந்து சாதாரணமாக வெளிநாட்டுக்கு அழைப்பு போகாது. மகனுக்குச் சொல்வது மகள் வேலை.

நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். இலக்கம் 4 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். 1க்கும் 7க்கும் குழப்பம் வராமல் இருக்கட்டும். காசியிலிருந்து அப்படியே நேபாளம், முக்திநாத் என்று போகிற எண்ணம் இருந்தால் முன்னால் பிளஸ் 91 சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் அங்கிருந்து வராது.

ஒரு பக்கம் தமிழும் ஆங்கிலமும், மறுபக்கம் இந்தி. தமிழை விட்டுவிடாதீர்கள். விழுப்புரத்திலும் உங்களுக்கு மயக்கம் வரலாம்.

ரத்த வகையை எழுதவில்லையே என்று நினைப்பீர்கள். இடம் இருந்தால் எழுதுங்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவர்களே பரிசோதித்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள், உங்கள் சீட்டை நம்பி அல்ல. சர்க்கரை விஷயம் அப்படியில்லை. அளவு இறங்கிப்போனால் வியர்த்துக் கொட்டும், நாக்கு குழறும், நடை தள்ளாடும். பார்ப்பவர் கண்ணுக்குக் குடித்தவர் மாதிரியோ சித்தம் கலங்கியவர் மாதிரியோ தெரியும். ஒதுங்கிப் போய்விடுவார்கள். “இன்சுலின் போடுகிறேன்” என்ற ஒரு வரி அந்த எண்ணத்தை மாற்றும். அதனால் அதைச் சிவப்பில் எழுதி, ஜெராக்ஸைக் கலரில் எடுத்தாலும் தகும். எதிர் இருக்கையில் இருப்பவரிடமும் ஏறியவுடன் சொல்லி வையுங்கள்: நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்; நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். சர்க்கரைப் பொட்டலம் உங்கள் கைப்பையில் மேலாகவே இருக்கட்டும்.

நாலு சீட்டு. ஒன்று பர்ஸில் சாமி படம் வைக்கிற கண்ணாடி உறைக்குள், திறந்தவுடன் கண்ணில் படும்படி. சாமி படம் பின்னால் போகட்டும், தப்பில்லை. ஒன்று பெரிய பைக்குள் துணிக்கு மேல். ஒன்று உங்கள் உடம்போடு, இடுப்புச் சுருக்குப்பையில். விபத்து என்று வந்தால் ஆளும் பையும் ஒரே இடத்துக்குப் போவதில்லை என்பதால் இதுதான் முக்கியமானது. நாலாவது, கங்கையில் குளிக்கப் போகும்போது. ஃபோனும் பர்ஸும் கரையில் இருக்கும், நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள். அந்தச் சீட்டை ஊக்கு குத்தி உள்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஊக்குக்கு ஓட்டை போடும்போது பிளாஸ்டிக் விளிம்பில் மட்டும் போடுங்கள். தாளில் பட்டால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு பக்க விளிம்பை 10 மில்லிமீட்டராக விடச் சொல்லலாம்.

டிக்கெட்டை ஏஜென்ட் மூலம் போட்டிருந்தால் அதில் யாருடைய ஃபோன் நம்பர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் தன் நம்பரைக் கொடுத்திருந்தால், ரயில் ரத்தானாலும் செய்தி அவருக்குத்தான் போகும். ரயிலுக்குள் எதுவானாலும் ரயில்வே உதவி எண் 139. மற்றபடி எங்கும் 112. கடலூர், புதுச்சேரி சாலையில் யாருக்காவது 108 கூப்பிட நேர்ந்தால் “பாண்டி போகிற ரோடு” என்று சொல்லாதீர்கள். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. ஊர்ப் பெயரைச் சொன்னால்தான் எந்தப் பக்கத்து வண்டி என்பது அவர்களுக்குப் புரியும்.

இனி மகள் பக்கம். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். சீட்டைப் பார்த்து ஒருவர் கூப்பிடுகிறார். உங்கள் மகளுக்கு அது தெரியாத நம்பர். விளம்பர அழைப்பு என்று எடுக்க மாட்டார். தெரியாத நம்பர்களை அடக்கி வைக்கும் அமைப்பு போட்டிருந்தால் மணியே அடிக்காது. நீங்கள் போய்த் திரும்பும்வரை அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் ஃபோனைத் தொந்தரவு செய்யாதே என்ற நிலையில் வைப்பவர் என்றால், மறுபடி கூப்பிடுபவரை அனுமதிக்கும் தேர்வு அதில் இருக்கும். அதைப் போட்டு வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் 15 நிமிஷத்துக்குள்ளும், ஐஃபோனில் 3 நிமிஷத்துக்குள்ளும் அதே நம்பரிலிருந்து இரண்டாம் அழைப்பு வந்தால் மணி அடிக்கும். சீட்டில் “உடனே மறுபடி கூப்பிடவும்” என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஃபோனை எடுத்ததும் என்ன கேட்க வேண்டும் என்பதும் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா பேசுகிறாரா, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, கூப்பிடுபவர் பெயர், அங்கே இருக்கும் நர்ஸிடமோ போலீஸிடமோ ஃபோனைக் கொடுக்க முடியுமா. உடனே பணம் அனுப்புங்கள் என்று ஒருவர் அவசரப்படுத்தினால் அனுப்பக் கூடாது. ஆஸ்பத்திரியின் நம்பரைத் தானே தேடி எடுத்துக் கூப்பிட்டு, அம்மா அங்கே இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எதுவும். தொலைந்த சீட்டு ஏமாற்றுக்காரன் கையிலும் கிடைக்கலாம்.

உங்கள் டைரி விவரங்கள் மகளிடம் போய்ச் சேர வேண்டியது இப்போதுதான். இன்சுலின் பெயர், எத்தனை யூனிட், மற்ற மாத்திரைகளின் பெயரும் அளவும், டாக்டரின் நம்பர், காப்பீட்டு அட்டை, டிக்கெட்டின் பிஎன்ஆர், ரயில் பெட்டி எண், படுக்கை எண், காசியில் தங்கும் இடம் எல்லாம் அவரிடம் இருக்கட்டும். தினமும் எத்தனை மணிக்குப் பேசுவது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வழியில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், ஒரு மணி நேரம் தாமதமானால் மகள் பதற வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் ஆகியும் எந்தத் தகவலும் இல்லையென்றால் 139க்குப் பெட்டி, படுக்கை எண்ணோடு சொல்லலாம்.

அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மழைக்குக் குடை எடுப்பதை யாரும் அபசகுனம் என்பதில்லை. அவரையே உட்கார வைத்துச் சீட்டை அவர் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுத்து தெளிவாக இருந்தால்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ராத்திரி பதினொரு மணிக்கு, மகளிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து அவரைக் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் வைத்துவிட்டு உடனே இன்னொரு முறை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லையென்றால் அவர் ஃபோன் அமைப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எடுக்காவிட்டால், கடலூர்க்காரர் நம்பர் முதலில் வரும்படி சீட்டை மாற்றி எழுதி மறுபடி ஜெராக்ஸ் போடுங்கள்.