ஜப்பானியப் பொதுக் குளியலகம்: இன்சுலின் போடுபவர் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 63. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரையும், சர்க்கரை நோய்க்குக் காலையும் இரவும் இன்சுலினும் எடுத்துக்கொள்கிறேன். ஜனவரியில் ஒசாகாவில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்லும்போது, ‘சென்டோ’ என்னும் பொதுக் குளியலகத்துக்கு அழைத்துப் போவதாக அவள் சொல்கிறாள். நான் போகலாமா? பலர் இறங்கும் நீரில் நோய் தொற்றாதா?

பதில்: ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, அண்மையில் நெஞ்சுவலியோ மயக்கமோ வந்ததில்லை என்றால் நீங்கள் போகலாம். ஆனால், வீட்டில் நாள்தோறும் வெந்நீரில்தானே குளிக்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். நாம் மொண்டு ஊற்றும் வெந்நீர் உடலைத் தொட்டு வழிந்துவிடுகிறது. சென்டோவிலோ ஏறத்தாழ 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் கழுத்தளவு அமர்கிறீர்கள். அந்தச் சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. அம்லோடிபினும் குழாய்களை விரிக்கும் மருந்துதான். நீருக்குள் இருக்கும்வரை நீரின் அழுத்தம் கால்களைத் தாங்கிப் பிடிக்கும். சட்டென்று எழுந்தால் அந்தத் தாங்கல் விலகி, ரத்தம் கால்களில் தேங்கி, தலை சுற்றும்.

ஜனவரிக் குளிர் இதை மேலும் சிக்கலாக்குகிறது. குளிர்ந்த இடத்தில் ஆடை களையும்போது ஏறும் ரத்த அழுத்தம், வெந்நீரில் இறங்கியதும் சரிகிறது. ஜப்பானில் முதியவர்கள் குளியலின்போது இறப்பது குளிர்காலத்தில் கூடுவதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் நீரின் சூடு 41 டிகிரிக்கு மிகாமலும், அமரும் நேரம் 10 நிமிடத்துக்கு மிகாமலும் இருக்கட்டும் என்று அந்நாட்டில் அறிவுறுத்துகிறார்கள். முதல் முறை செல்லும் உங்களுக்கு 5 நிமிடமே போதும்.

அங்கே ஆடையின்றித்தான் தொட்டியில் இறங்க வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்குக் கூச்சத்தால் விரைந்து நீருக்குள் மறைந்துகொள்ளத் தோன்றும். அந்த அவசரம்தான் வேண்டாம் என்கிறேன். தாழ்வான முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, பாதத்தில் தொடங்கி மேல்நோக்கி வெந்நீரை ஊற்றி உடலைப் பழக்கிய பிறகு மெல்ல இறங்குங்கள். எழும்போது விளிம்பில் சற்று அமர்ந்து, பிடித்துக்கொண்டு எழுங்கள். பெண்கள் பகுதி தனி என்பதால் மகள் அருகிலேயே இருக்க முடியும்.

தொற்று பற்றிய உங்கள் கவலை இயல்பானதே. எல்லோரும் உடலைக் கழுவிய பிறகே இறங்குவதாலும், துண்டைக்கூட நீரில் நனைக்காத வழக்கத்தாலும், முறையாகப் பராமரிக்கப்படும் தொட்டியில் அச்சம் குறைவு. நான் கவலைப்படுவது ஈரமான கால்மிதியைப் பற்றித்தான். சேற்றுப்புண் பரவ அது வழியாகும். விரலிடுக்குகளை உலரத் துடையுங்கள். பாதத்தில் புண் இருந்தால் செல்லவே வேண்டாம். பாதம் மரத்திருந்தால் சூடு உறைக்காது. ஆகவே முழங்கையால் நீரைத் தொட்டுப் பாருங்கள்.

சூடு இன்சுலினை விரைவாக ரத்தத்தில் கலக்கச் செய்யும். எனவே ஊசி போட்டவுடனும், உண்டவுடனும் போகாதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமான பின் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். தாழ்சர்க்கரையின் வியர்வையும் படபடப்பும் வெந்நீரின் விளைவு போலவே தோன்றும். ஆகையால் ஐயம் எழுந்தாலே வெளியே வந்து, சர்க்கரை கலந்த பானத்தைக் குடித்துவிடுங்கள். அதை உங்கள் துணிக்கூடையிலேயே வைத்திருங்கள்.