கறுப்பு நசரேனைத் தொட பிலிப்பைன்ஸ் மக்கள் ஏன் அப்படி முண்டியடிக்கிறார்கள்?

சிலுவை சுமக்கும் இயேசுவின் கருத்த சிலைதான் கறுப்பு நசரேன். ஜனவரி 9 அன்று மணிலாவில் அதைத் தேரில் கொண்டுபோகும் ஊர்வலத்தின் காணொளியைப் பார்த்துவிட்டு, "ஒரு மரச்சிலையைத் தொட ஒருவர் தோளில் ஒருவர் ஏறுகிறார்களே, இது சிலை வழிபாடு இல்லையா? பைபிள் இதைத் தடுக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவம் படித்தது மணிலாவில். தங்கியிருந்த சம்பாலோக் பகுதியிலிருந்து, அந்தச் சிலை இருக்கும் கியாப்போ தேவாலயம் ரொம்ப தூரமில்லை. அதனால் கண்ணால் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: நேர்ச்சை. அவர்கள் 'பனாத்தா' என்பார்கள். நான் பேசிப் பார்த்தவர்களில் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் யாருமில்லை. ஆளுக்கொரு வாக்கு கொடுத்திருந்தார்கள். அதை நிறைவேற்றத்தான் வெறுங்காலோடு, மெரூன் நிறச் சட்டை போட்டுக்கொண்டு, விடிவதற்கு முன்பே வந்து நின்றார்கள்.

எங்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த அம்மாவை 'தீத்தா' என்று கூப்பிடுவோம், நம் ஊரில் அத்தை, சித்தி என்கிற மாதிரி. அவருடைய மகனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் முற்றி வலிப்பு வந்திருக்கிறது. மருத்துவமனைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே இரவில் பாட்டி, "இவன் பிழைத்தால் வளர்ந்ததும் வருடா வருடம் உன் வடம் பிடிப்பான்" என்று நசரேனிடம் வேண்டிக்கொண்டாராம். பையன் பிழைத்தான், வளர்ந்தான், கப்பல் வேலைக்குப் போனான். ஜனவரியில் கடலில் இருக்கும் வருடங்களில் அவனுக்குப் பதிலாகத் தம்பி போய் வடத்தைத் தோளில் வாங்குவான். பாட்டி இறந்து பல காலம் ஆகியும் அவர் கொடுத்த வாக்கைக் குடும்பம் விடவில்லை. மருந்தா மன்றாட்டா என்ற கேள்வியே அந்த வீட்டில் எழுந்ததில்லை. மருத்துவம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கும் அதில் எந்த முரண்பாடும் தெரியவில்லை.

சரி, அந்தச் சுரூபத்தைப் பற்றி, அதாவது சிலையைப் பற்றி. சிலுவையின் பாரத்தால் ஒரு காலை மண்டியிட்ட இயேசு. ஆளுயரம், கருத்த மரம். மெக்சிகோவில் செதுக்கப்பட்டு, 1606இல் ஸ்பானிய அகுஸ்தீன் ரெக்கொலெக்ட் துறவிகளுடன் கப்பலில் வந்ததாகச் சொல்கிறார்கள். கப்பலில் தீப்பிடித்துக் கறுத்தது என்பது மக்கள் சொல்லும் கதை. மரமே கருத்த வகை என்பாரும் உண்டு. 1787இல் கியாப்போவுக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தின் நினைவுதான் ஜனவரி 9 ஊர்வலம், 'திராஸ்லாசியோன்'. லூனெத்தா பூங்காவிலிருந்து கியாப்போவுக்கு ஆறு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் தேர் வந்து சேர 20 மணி நேரத்துக்கும் மேல் ஆன வருடங்கள் உண்டு.

நீங்கள் காணொளியில் பார்த்த முண்டியடிப்பில் பாதி, துண்டுக்காக. எல்லோர் கையிலும் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கும். தேர் நெருங்கியதும் அதைச் சுருட்டித் தேரின் மேல் வீசுவார்கள். சுரூபத்தைக் காத்து நிற்கும் 'ஈஹோஸ்' என்ற தொண்டர்கள் அதைப் பிடித்து, நான் இருந்தபோது சிலுவையிலோ சுரூபத்தின் மேலோ ஒரு துடை துடைத்து, வந்த திசையிலேயே திருப்பி எறிவார்கள். தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான துண்டுகள் போவதும் வருவதுமாக இருக்கும். கைக்குத் திரும்பி வந்ததும் அதை முதலில் தன் முகத்தில் ஒற்றிக்கொள்பவரை நான் அதிகம் பார்க்கவில்லை; மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். வீட்டில் படுத்திருப்பவருக்கு அது. தீத்தா அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் அப்படி ஒரு துண்டு வைத்திருந்தார். பேத்திக்குக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு அந்தத் துண்டை நெற்றியில் போடுவார்.

2024இல் சுரூபத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு அமைத்தார்கள். நெரிசலில் உயிர்ச்சேதம் நடந்த வருடங்களும் உண்டு என்பதால் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எந்த நேர்ச்சையும் ஓர் உயிருக்குமேல் இல்லை.

இனி, இது சிலை வழிபாடு இல்லையா என்ற உங்கள் கேள்வி. கி.பி. 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் இதைப் பேசித் தீர்த்திருக்கிறது: படத்துக்குச் செய்யும் வணக்கம் அதில் இருப்பவரைச் சேர்கிறது, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை இன்றும் அதுதான். இதை ஏற்காத கிறிஸ்தவர்கள் பிலிப்பைன்ஸிலேயே இருக்கிறார்கள். 1914இல் தொடங்கிய இக்லெசியா நி கிறிஸ்தோ சபையார் வீட்டில் சுரூபமே வைக்கமாட்டார்கள்.

சங்கத் தீர்மானத்தைவிட எனக்குப் பெரிய சான்றாகப் பட்டது வேறொன்று. 1990களின் பிற்பகுதியில் சுரூபத்தைப் பாதுகாக்க ஒரு நகல் செய்து, பழைய தலையை நகல் உடலோடு சேர்த்துப் பீடத்தில் வைத்தார்கள். பழைய உடலுக்கு நகல் தலை பொருத்தித் தேரில் அனுப்பினார்கள். இது ஒளிவுமறைவாக நடந்ததல்ல. அப்படியும் பீடத்தின் முன் கூட்டம் குறையவில்லை, தேரின் முன்னும் குறையவில்லை. மரத்தையே கடவுள் என்று நம்புகிறவர்கள் எது அசல் என்று சண்டை போட்டிருப்பார்கள். அவர்கள் தேடி வருவது அந்த மரத்தை அல்ல என்பதற்கு எனக்கு இது போதும்.

ஊர்வலத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் 'துங்காவ்'. முழுக்க இரும்பால் கட்டி 1891இல் திறந்த சான் செபாஸ்தியான் தேவாலயத்தின் அருகே தேர் வரும்போது, உள்ளிருந்து கார்மேல் அன்னையின் சுரூபத்தை வெளியே கொண்டுவந்து உயரத்தில் நிறுத்துவார்கள். சிலுவை சுமக்கும் மகனைத் தாய் பார்க்க வேண்டுமாம். அதுவரை "விவா!" (வாழ்க!) என்று கத்திய தொண்டைகள் அடங்கிவிடும். கரடுமுரடான ஆண்கள் கண்ணைத் துடைப்பதை அங்கேதான் பார்த்தேன்.

கியாப்போ மட்டுமில்லை. செபு நகரில் இருக்கும் குழந்தை இயேசு சுரூபம், 1521இல் கடலோடி மெகல்லன் அந்த ஊர் அரசிக்கு அவளுடைய ஞானஸ்நானத்தின்போது கொடுத்தது. 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியின் ஆட்கள் எரிந்த வீடொன்றில் ஒரு பெட்டிக்குள் அதைக் கண்டெடுத்தார்கள். ஜனவரி மூன்றாம் ஞாயிறு அங்கே சினுலோக் திருவிழா. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அந்திப்போலோ மாதாவிடம் போவார்கள். மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பலில் பலமுறை போய்வந்த, பயணத்தின் மாதா அவர். அப்புறம், தேவாலய வாசல்களில் விற்கும் 'சம்பகீத்தா' மாலை நம் குண்டுமல்லியேதான். முதல் நாள் அந்த வாசனையிலேயே எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் முதல் தடவையே ஜனவரி 9க்குப் போகாதீர்கள். கியாப்போவில் எல்லா வெள்ளியும் நசரேனின் நாள்தான். வாசலிலிருந்து பீடம் வரை நடுப்பாதையில் முழங்காலிலேயே போகிறவர்களைப் பார்க்கலாம். நான் இருந்தபோது பீடத்துக்குப் பின்னால் படியேறிப் போய்ச் சுரூபத்தின் பாதத்தைத் தொட எல்லோருக்கும் வழி இருந்தது. எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.