தம்பி பேசிய காதல்

கேள்வி: எனக்கு 29 வயது. சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஆறு மாதமாக ஒரு பெண்ணுடன் மெசேஜில் பழகுகிறேன். மனம்விட்டுப் பேசிக்கொள்கிறோம். அவர் போன் செய்தால் மட்டும் தம்பியைப் பேசச் சொல்லிவிடுவேன், எங்கள் இருவருக்கும் ஒரே குரல். இப்போது நேரில் சந்திக்கலாம் என்கிறார். திக்கு சரியான பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன். என்னைப் போன்றவனுக்குக் காதல் கிடைக்குமா?

பதில்: கடிதம் முழுக்கத் திக்குவாய்ப் புராணம். தம்பி விஷயம் மட்டும் போகிறபோக்கில் ஒரே வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

திக்குவதைச் சொல்லாமல் விட்டீர்கள், கூச்சம், சரி. தம்பியைப் பேச வைத்தது மோசடி. ஏதோ ஒரு ராத்திரி அந்தப் பெண் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிப் போனில் அழுதிருந்தால், கேட்டுக்கொண்டிருந்தது யார்? நாளைக்குக் கல்யாணமே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தம்பி "வாங்க அண்ணி" என்று வாயைத் திறந்தாலே குட்டு உடைந்துவிடும். அண்ணன் சொன்னான் என்று அவன் செய்துவிட்டான். தப்பு செய்யச் சொல்லவா மூத்தவனாகப் பிறந்தீர்கள்? ஒரு குடும்பத்தின் முதல் செங்கல்லே பொய்யாக இருந்தால் எனக்கு அதில் சம்மதமில்லை.

"சரியான பிறகு" என்கிறீர்களே, அது எப்போது? பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத் திக்குகிறது. இது பயத்தால் வந்த நோய் கிடையாது. பேச்சை இயக்கும் மூளையின் வேலையில் உள்ள வேறுபாடு, பரம்பரைக்கும் அதில் பங்குண்டு. 29 வயதுவரை கூடவே வந்தது அடியோடு போவது அபூர்வம். பேச்சுப் பயிற்சிக்குப் போங்கள், நிச்சயம் உதவும். ஆனால் அங்கேயும், "எனக்குத் திக்கும்" என்று எதிராளியிடம் முதலிலேயே சொல்லப் பழகு என்பார்கள். மறைக்க மறைக்கத்தான் தொண்டை இறுகும்.

பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் திக்குவாய்தான். எலிசபெத்தை (மகாராணி இரண்டாம் எலிசபெத்தின் அம்மா) கைப்பிடித்தது 1923-இல், அதுவும் அந்தப் பெண் முன்பு மறுத்த பிறகு. லயனல் லோகிடம் பேச்சுப் பயிற்சிக்குப் போனது 1926-இல். கல்யாணம் முந்தி, பயிற்சி பிந்தி.

முதலில் தம்பியிடம், "இனிமேல் நீ எடுக்காதே" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் நீங்களே போன் செய்யுங்கள். மெசேஜில் எழுதித் தப்பிக்க வேண்டாம். "எனக்குத் திக்கும். நடுவில் சத்தமே வராது, போன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. நான் தேடும் வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே. இதுவரை போனில் பேசியது என் தம்பி." இதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். முக்கியமாக அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள்.

காதல் கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஆறு மாதமாக உங்கள் எழுத்தைப் படித்துவிட்டு உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறவரிடம் போய்க் கேளுங்கள், என்னிடம் ஏன்? அவர் கோபித்துக்கொண்டு போகலாம், அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் அப்படிப் போனால், "திக்குவாய் என்பதால் விட்டுவிட்டாள்" என்று மட்டும் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.